பிளிஸ் குறியீடுகள்

பேச்சு வராதவர்கள் சுட்டிக் காட்டி உரையாடப் பயன்படுத்தும் சித்திர எழுத்து முறை பிளிஸ் குறியீடுகள். இதை உருவாக்கிய சார்ல்ஸ் கே. பிளிஸ் (1897–1985) இன்றைய உக்ரைனின் செர்னிவ்த்சியில் யூதக் குடும்பத்தில் பிறந்த வேதிப் பொறியாளர். நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்டு ஷாங்காயில் அடைக்கலம் புகுந்தபோது சீன எழுத்துகளைக் கண்டார். எல்லா மொழியினருக்கும் பொதுவான எழுத்தொன்றைச் செய்ய முனைந்து, சிட்னியில் குடியேறியபின் 1949இல் ‘செமான்டோகிராபி’ என்ற பெயரில் வெளியிட்டார். உலக சமாதானத்துக்கென அவர் செய்த எழுத்தை அன்று யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

1971இல் அது வேறொரு வேலைக்கு வந்தது. டொரன்டோவிலிருந்த ஒன்ராறியோ ஊனமுற்ற குழந்தைகள் மையத்தில் ஷெர்லி மெக்நாட்டன் என்ற ஆசிரியையும் சக பணியாளர்களும் மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளுக்குக் கற்பித்துவந்தனர். சொல்வது புரியும், ஆனால் வாய் பேசாது, கை எழுதாது, படிக்கவும் இன்னும் தெரியாது. படப்பலகையில் தண்ணீர், சோறு, கழிப்பறை ஆகியவற்றைக் காட்டலாம். ‘ஏன்?’ என்று கேட்கப் படமில்லை. ஒரு குழந்தைக்குக் கேள்வி கேட்கும் வழியை அடைத்துவிட்டு அதற்குக் கல்வி தருவதாகச் சொல்ல முடியாது.

பிளிஸ் முறையில் அந்த வழி இருந்தது. அடிப்படை வடிவங்கள் சிலவே. சேர்க்கச் சேர்க்கப் புதிய பொருள் பிறக்கும். நாற்காலியும் நீரும் சேர்ந்தால் கழிப்பறை. இதயம் என்பது உணர்வு. அதனுடன் மேல்நோக்கிய அம்பு மகிழ்ச்சி, கீழ்நோக்கியது துயரம். மேலே சிறு கூம்புக்குறி இட்டால் வினைச்சொல். ‘எதிர்ப்பொருள்’ குறி ஒன்றைக் கொண்டே பலகையில் இல்லாத சொல்லையும் குழந்தை தானே ஆக்கிக்கொள்ளலாம். இன்று 5000க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன.

பலகை பெரும்பாலும் சக்கர நாற்காலியின் தட்டில் பொருத்தப்படும். குழந்தை விரலாலோ முஷ்டியாலோ கண் பார்வையாலோ சுட்டும். எதிரே இருப்பவர் அதை உரக்கச் சொல்லி, சரிதானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்வார். ஒவ்வொரு குறியின்மேலும் அதற்குரிய சொல் அச்சிட்டிருப்பதால் பயிற்சி பெறாத வகுப்புத் தோழரும் பேச்சில் கலந்துகொள்ள முடிகிறது. ஒரு வாக்கியம் முடிய நேரமாகும். அதுவரை காத்திருக்க ஆசிரியர் பழகவேண்டும். பாதியில் ஊகித்து முடித்துவிடுவது கையிலுள்ள பேச்சைப் பிடுங்குவதற்குச் சமம்.

குறிகளில் ஆசிரியர்கள் செய்த மாற்றங்களை பிளிஸ் ஏற்கவில்லை. நீண்ட பிணக்குக்குப் பின் 1982இல் குறிகளைப் பயன்படுத்தும் உரிமம் கனடிய அமைப்பு ஒன்றுக்குக் கிடைத்தது. முறை சுவீடன், ஹங்கேரி உள்ளிட்ட நாடுகளிலும் பரவியது.

அருவமான குறிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் எளிதல்ல. பார்த்ததும் விளங்கும் படத்தொகுப்புகளும் குரல் எழுப்பும் கருவிகளும் பிளிஸ் முறையைப் பல நாடுகளில் பின்னுக்குத் தள்ளின. பலகையைக் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பெற்றோரின் அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான ஐ.நா.வின் 2006 உடன்படிக்கையும் இந்தியாவின் 2016 சட்டமும் இத்தகைய மாற்றுத் தொடர்பு முறைகளைக் கல்வி உரிமையின் பகுதியாகவே வைத்துள்ளன.