படுத்துச் செல்லும் வண்டி

ஆடிப் பௌர்ணமியன்று அழகர்கோவிலில் தேரோட்டம். மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கும் இக்கோவிலுக்குச் சுற்றுவட்டாரக் கிராமத்தார் குடும்பம் குடும்பமாக வந்து சேருவார்கள். முன்பு கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்று டிராக்டரிலும் மினி லாரியிலும் வருகிறார்கள். வண்டி மாறியதே தவிர, வந்தவர்கள் செய்யும் காரியம் மாறவில்லை. மரநிழல் பார்த்து வண்டியை நிறுத்துகிறார்கள். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுகிறார்கள். இரவில் வண்டிக்குள்ளும் வண்டிக்கு அடியிலும் பாய் விரித்து உறங்குகிறார்கள். வண்டியே வீடாகிவிடுகிறது.

அப்படி நின்றிருந்த வண்டிகளுக்கிடையே வெள்ளை நிற வேன் ஒன்று என் கண்ணில் பட்டது. அதன் முகப்பில் எதையோ சுரண்டி எடுத்த தடம் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடத்தில் வெயில் படாததால், அங்கு மட்டும் வண்ணம் வெளிறாமல் எழுத்துகளின் உருவம் நின்றுவிட்டது. உற்றுப் பார்த்தால் இடவலம் மாறிய ஆங்கில எழுத்துகள். முன்னே செல்லும் ஓட்டுநர் தம் பின்னோக்குக் கண்ணாடியில் பார்க்கும்போது நேராகத் தெரியட்டும் என்று ஆம்புலன்ஸ் வண்டிகளில் அவ்வாறு எழுதுவது வழக்கம் அல்லவா? ஆம், அது பணி முடிந்த ஓர் ஆம்புலன்ஸ். உள்ளே நோயாளி இல்லை. கட்டில், தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி, பாத்திரப் பெட்டி ஆகியவை இருந்தன. குளுக்கோஸ் புட்டி தொங்கிய கொக்கியில் ஒரு விளக்கு தொங்கியது.

உரிமையாளர் மேலூர்ப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். தனியார் மருத்துவமனை ஒன்று கழித்துவிட்ட வண்டியை வாங்கித் தாமே மாற்றியமைத்திருந்தார். "எதற்காக இதைப் போய் வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். "எங்க ஆத்தாவால அரை மணி நேரத்துக்கு மேல உட்கார முடியாது சார். சின்னப் பிள்ளையில இருந்து ஆடிக்கு வந்தவங்க. நாலு வருஷமா வரலை. படுத்துக்கிட்டே வர்ற வண்டி வேற எது இருக்கு?" என்றார்.

அவர் கேட்ட கேள்வி சாதாரணமானதன்று. மனிதனைப் படுத்த நிலையில், மேடு பள்ளத்தில், உடல் குலுங்காமல் கொண்டு செல்வது எப்படி என்பதே அது. மருத்துவ ஊர்தியின் வரலாறும், தங்கிச் செல்லும் வண்டியின் வரலாறும் இக்கேள்வியில்தான் ஒன்றுசேர்கின்றன.

நடக்கும் மருத்துவமனை

ஆம்புலன்ஸ் என்ற சொல் முதலில் ஒரு வண்டியைக் குறிக்கவில்லை. நடத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. பிரெஞ்சுக்காரர்கள் படையோடு இடம்பெயரும் கூடார மருத்துவமனையை 'நடக்கும் மருத்துவமனை' என்ற பொருளில் அழைத்தார்கள். ஆகவே ஆம்புலன்ஸ் என்பது முதலில் ஒரு முகாம். அச்சொல் வண்டியின் பெயராக நிலைத்தது பிற்காலத்தில்தான். அழகர்கோவில் மரநிழலில் முகாமிட்டிருந்த அந்த வேன், ஒரு வகையில், தன் பெயரின் பழைய பொருளுக்குத் திரும்பியிருக்கிறது எனலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியப் படைகளில் காயமுற்றவர்களின் கதி பரிதாபமானது. மருத்துவ வண்டிகள் போர்க்களத்துக்கு ஒரு லீக் தொலைவில், அதாவது நான்கைந்து கி.மீ. பின்னால், நிறுத்தப்பட்டிருக்கும். சண்டை ஓய்ந்த பிறகே அவை வரும். அதற்குள் பலர் இறந்துபோவார்கள். இந்நிலையை மாற்ற முனைந்தவர் தோமினிக் ழான் லாரே (1766–1842) என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர். 1792-இல் ரைன் நதிக்கரைப் படையில் இருந்தபோது, குதிரை பூட்டிய இலகு பீரங்கிகள் களத்தில் எவ்வளவு விரைவாக இடம் மாறுகின்றன என்பதை அவர் கவனித்தார். பீரங்கி அவ்வாறு ஓடுமானால் காயமுற்றவனை ஏற்றும் வண்டி ஏன் ஓடக்கூடாது? 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று பெயர் பெற்ற அவரது அமைப்பு 1797-இல் இத்தாலியப் படையெடுப்பின்போது முழு வடிவம் பெற்றது.

அந்த வண்டியின் அமைப்பை மாணவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். சமவெளிக்கு இரண்டு குதிரை பூட்டிய இரு சக்கர வண்டி. அதில் இருவர் படுக்கலாம். மலைப்பாங்கான இடத்துக்கு நான்கு சக்கர வண்டி. அதில் நால்வர் படுக்கலாம். கூண்டு வில்களின் மேல் அமர்ந்திருக்கும். காற்றுக்கு இரு பக்கமும் சிறு சன்னல்கள் உண்டு. மெத்தை விரித்த தளம், உருளைகளின் மேல் நகர்ந்து வெளியே வரும். இன்றைய ஸ்ட்ரெச்சரும் இவ்வாறே வண்டிக்குள் உருண்டு செல்கிறது. 1798-இல் நெப்போலியனோடு எகிப்துக்குச் சென்ற லாரே, மணலில் சக்கரம் உதவாது என்று கண்டு ஒட்டகத்தின் இரு பக்கமும் கூடைகளைக் கட்டினார். ஆள் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு அக்கூடைகள் நீளும்படி செய்யப்பட்டிருந்தன. தடமில்லாத நிலத்தில் செல்லும் ஆம்புலன்ஸுக்கு அதுவே முன்னோடி.

சக்கரமே இல்லாத காலமும் நம்மவர் வரலாற்றில் உண்டு. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது, காந்தியடிகள் நாட்டால் பகுதியில் இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் முந்நூறு பேரே சுதந்திர இந்தியர்கள். மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். நாட்டாலுக்குச் சென்ற கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் என்பதை நினைவில் கொண்டால், அந்தத் தூக்குக் கட்டில்களைச் சுமந்த தோள்களில் தமிழ்த் தோள்கள் எத்தனையோ இருந்திருக்க வேண்டும். சில நாள்களில் 20 முதல் 25 மைல் வரை காயமுற்றவர்களைச் சுமந்து நடந்ததாகக் காந்தியடிகள் எழுதியிருக்கிறார். நடக்கும் மனிதனின் முழங்காலும் முதுகுத் தண்டும்தான் அங்கே வில்.

வில்லும் வைக்கோலும்

வண்டியின் அடியில் வைக்கும் வளைந்த இரும்புப் பட்டைகளுக்கு 'வில்' என்று பெயரிட்டவர் யாரோ, நல்ல இயற்பியல் அறிவு படைத்தவர். வளைத்தால் ஆற்றலைச் சேமித்து, விட்டால் திருப்பித் தருவது வில். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றது 1804-இல். நம் நாட்டில் வசதி படைத்தவர்கள் வில்வண்டியில் போனார்கள். மற்றவர்களின் கூண்டு வண்டியில் வில் கிடையாது. அதற்குப் பதில் அடியில் தாராளமாக வைக்கோலைப் பரப்பி, மேலே சமுக்காளம் விரிப்பார்கள். வைக்கோலும் ஒரு வில்தான்; அமுங்கும், ஆனால் முழுதும் மீளாது. மீளாத பகுதி அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்கிறது. இன்றைய ஊர்தியில் 'ஷாக் அப்சார்பர்' செய்யும் வேலை இதுவே.

வில் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும்? இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வண்டியின் எடையால் வில் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்று அளந்தால் போதும். அது ஆடும் அதிர்வெண்ணைச் சொல்லிவிடலாம். 25 செ.மீ. அமுங்கினால் வினாடிக்கு ஏறத்தாழ ஓர் ஆட்டம். 2.5 செ.மீ. மட்டுமே அமுங்கினால் வினாடிக்கு மூன்றுக்கு மேல். மனித உடல் வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுகளுக்கு ஒத்ததிர்ந்து மிகவும் வேதனைப்படும். எனவே ஆட்டம் ஒன்று, ஒன்றரையை ஒட்டி இருப்பது நலம். சரக்கு வேனின் கடினமான வில்லின் மேல், ஒரே ஒரு நோயாளியை ஏற்றி ஓட்டினால் அவர் துள்ளித் துள்ளிப் போவதற்குக் காரணம் இப்போது விளங்கும். வில் அமுங்குவதற்கு வேண்டிய சுமை அங்கே இல்லை! அதே வண்டியில் கட்டில், தொட்டி, அரிசி மூட்டை என்று நிலையான சுமை ஏறியதும் ஓட்டம் மெத்தென்று ஆகிவிடுகிறது.

முதல் உலகப் போரில் இருவகை மாற்றமும் நடந்தது. அமெரிக்கத் தொண்டர்கள் பிரான்சில் ஃபோர்டு 'டி' மாடல் காரின் அடிச்சட்டத்தில் மரப்பெட்டி போன்ற கூண்டைப் பொருத்தி ஆம்புலன்ஸாக ஓட்டினார்கள். எடை குறைவு, குழியில் சிக்கினால் சில வீரர்களே தூக்கி விட்டுவிடுவார்கள். அதே போரில் மேரி கியூரி அம்மையார், செல்வந்தர்களிடம் கார்களைக் கேட்டு வாங்கி, அவற்றை எக்ஸ்கதிர் வண்டிகளாக மாற்றினார். காரின் எஞ்சினே டைனமோவைச் சுழற்றி மின்சாரம் தந்தது. தாமே கார் ஓட்டவும் கற்றுக்கொண்டார். மேலூர் நண்பரின் வேனில், ஓடும்போது எஞ்சின் இரண்டாவது மின்கலத்தை ஏற்றிவைக்கிறது. நின்றபின் அது விசிறியைச் சுழற்றுகிறது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் என்றால் 1,200 வாட்-மணி. 25 வாட் விசிறி இரவு எட்டு மணி நேரம் ஓடினாலும் செலவு 200 வாட்-மணிதான்.

இரண்டாம் உலகப் போரில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் டாட்ஜ் ஆம்புலன்ஸ்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. ஆனால் ஆம்புலன்ஸும் தங்கும் வண்டியும் ஒரே தொட்டிலில் வளர்ந்தது 1951-இல், ஜெர்மனியில். அவ்வாண்டில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் கட்டிலும் அலமாரியுமாக மாறும் பெட்டியை விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன் தன் ஆம்புலன்ஸை வெளியிட்டது. ஸ்ட்ரெச்சரைப் பின்புறமாக ஏற்ற வழி வேண்டுமே! அதற்காக எரிபொருள் தொட்டியையும் மாற்றுச் சக்கரத்தையும் இடம் மாற்றிப் பின்கதவு அமைத்தார்கள். 1955 முதல் எல்லா வேன்களுக்கும் அந்த அமைப்பு வந்துவிட்டது. நோயாளிக்காகத் திறந்த கதவு வழியேதான் பிறகு சுற்றுலாப் பயணிகளின் படுக்கையும் உள்ளே போயிற்று.

தொட்டி எங்கே?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதன்பின் ஊரெங்கும் ஆம்புலன்ஸ் பெருகியது. ஓடித் தேய்ந்து கழிபவையும் பெருகின. அவை எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது. 15 ஆண்டு கடந்த அரசு ஊர்திகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்புக்கே செல்ல வேண்டும். மற்றவற்றை வாங்கினாலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து அலுவலரின் அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றலாகாது. சைரனையும் சுழல் விளக்கையும் கழற்றியாக வேண்டும். இது வெறும் சடங்கன்று. சைரன் கேட்டால் வழிவிடும் பழக்கம் நம் சாலைகளில் இப்போதுதான் வேரூன்றி வருகிறது. அதைப் பொய்யாக்கக் கூடாது.

நண்பர் இவற்றையெல்லாம் முறைப்படி செய்திருந்தார். கழுவத்தக்க தளம், பிடித்து ஏறக் கம்பி, அகன்ற பின்கதவு எல்லாம் ஆம்புலன்ஸின் சீதனமாக அவருக்குக் கிடைத்தன. சமையலை வெளியே வைத்துக்கொண்டதும் நல்ல யோசனை. குளிர்சாதனத்துக்காக இறுக அடைத்த கூண்டு அது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தளத்திலேயே தேங்கி நிற்கும்.

ஒன்றில்தான் எனக்கு உடன்பாடில்லை. நூறு லிட்டர்த் தண்ணீர்த் தொட்டியைக் கூரைமேல் ஏற்றியிருந்தார். மோட்டார் இல்லாமல் குழாயில் தண்ணீர் வரும் என்பது அவர் கணக்கு. என் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். வண்டி 2,900 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 90 செ.மீ. என்று கொள்வோம். நூறு கிலோவை 2.6 மீட்டர் உயரத்தில் வைத்தால் மையம் ஏறத்தாழ 96 செ.மீ.க்கு ஏறுகிறது. தளத்துக்கு அடியில், 60 செ.மீ. உயரத்தில் வைத்தால் 89-க்கு இறங்குகிறது. சக்கரங்களுக்கிடையே 1.6 மீட்டர் அகலம் என்றால், கவிழும் கோணம் முன்னதில் 40 பாகை, பின்னதில் 42. இரண்டு பாகைதானே என்று தோன்றும். ஆனால் சரிவில் ஒரு பக்கத்து வில் அமுங்கும்; பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீரும் அப்பக்கமே சாயும். மெய்யான கோணம் இதைவிட மிகக் குறைவு. கண்மாய்க் கரையில் ஏறி இறங்கும் வண்டிக்கு, அதுவும் உள்ளே ஒருவர் படுத்திருக்கும் வண்டிக்கு, அந்த இரண்டு பாகை வேண்டும்.

அவர் சிறிது நேரம் காகிதத்தைப் பார்த்தார். பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து, இரு அச்சுகளுக்கும் நடுவே சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டார். "ஒரு சின்ன மோட்டார் வச்சுக்கிறேன் சார்" என்றார்.

பின்கதவு திறந்திருந்தது. அவருடைய தாயார் தலையணையை உயர்த்திவைத்து, மலையைப் பார்த்தபடி படுத்திருந்தார். நாங்கள் வண்டிக்கு அடியில் எதையோ ஆராய்வதைக் கண்டு தலையைத் திருப்பினார்.

"ஏன்டா, அடியில வைக்கோல் போட்டிருக்கியா? குலுங்கவே இல்லையே."