டால்ஸ்டாய் பண்ணையில் ஒரு தமிழ் வகுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சங்கத்தின் தமிழ் வகுப்பு நடக்கும் அறையைக் கடந்து செல்பவர்கள் ஒரு விந்தையைக் காணலாம். குழந்தைகள் தமக்குள் ஓயாது தமிழிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். பலகையில் ஓர் எழுத்தை எழுதிக் காட்டினாலோ அத்தனை பேரும் வாய்மூடி விடுவார்கள். தாயின் வாய்மொழியாக வந்த தமிழ் நாவில் இருக்கிறது. எழுத்து கண்ணுக்குப் புதியது. பிழைப்பின் பொருட்டு இவ்வளவு தொலைவு வந்த நமக்கு மட்டுமே நேர்ந்த குறை இது என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். 1910-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு பள்ளியைப் பற்றிப் படித்தபின் அவ்வெண்ணம் மாறிற்று. அப்பள்ளியின் தமிழாசிரியர் காந்தியடிகள்.

டிரான்ஸ்வால் அரசு இந்தியர்மீது விதித்த பதிவுச் சட்டத்தை எதிர்த்து அடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்திலே சிறை புகுந்தவர்களுள் தமிழர் முன்னின்றனர். கணவன் சிறைக்குப் போனால் மனைவி மக்களுக்கு உணவளிப்பது யார்? முதலில் குடும்பந்தோறும் மாதப் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். கைப்பொருள் கரைந்ததேயன்றிப் போராட்டம் முடிவதாக இல்லை. அடிகள் 1904-இல் நிறுவிய பீனிக்ஸ் குடியிருப்பு நேட்டாலில், ஜோஹானஸ்பர்க்கிலிருந்து 300 மைல் தொலைவில் இருந்தது. இந்நிலையில்தான் ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக்கலைஞர் ஜோஹானஸ்பர்க்கை அடுத்து ஒரு பண்ணையை விலைக்கு வாங்கி, 1910 மே 30-ஆம் நாள் போராட்டக் குடும்பங்களின் பயனுக்கு வாடகையின்றி ஒப்படைத்தார். அவர் ஜெர்மானிய யூதர். அடிகளின் உற்ற நண்பர்.

நிலம் 1,100 ஏக்கர். லாலி என்னும் ரயில் நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல். நகரத்துக்கு 21 மைல். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பழமரங்களும், இரண்டு கிணறுகளும், ஓர் ஊற்றும், குன்றின் அடிவாரத்தில் ஒரு சிறு வீடும் இருந்தன. ருஷ்ய ஞானியின் பெயரையே பண்ணைக்குச் சூட்டினார்கள். சொந்த உடலுழைப்பால் உண்ணாதவனுக்கு உணவில் உரிமை இல்லை என்பது அம்மகானின் கொள்கையன்றோ! அதனைப் புத்தகத்தில் விட்டுவிடாமல் அடுப்பங்கரையிலும் கழிப்பிடத்திலும் நடத்திப் பார்ப்பதே அங்கு வகுத்த திட்டம். வேலைக்காரர் என்ற பேச்சே கூடாது. சமையல் முதல் மலம் அள்ளிக் குழியிலிட்டு மண் மூடுவது வரை எல்லாம் பண்ணைவாசிகளின் கைகளே செய்தன. துப்புரவும் நகரத்துக் கொள்முதலும் தம்பி நாயுடுவின் பொறுப்பு. மொரீஷியசில் பிறந்த அத்தமிழ் வீரர் பலமுறை சிறை கண்டவர்.

தமிழர், ஆந்திரர், குஜராத்தியர், வடநாட்டார் எனக் கூடி வாழ்ந்த அவர்களில் இளைஞர் சுமார் 40 பேர், பெண்கள் ஐவர், சிறுவர் சிறுமியர் இருபது முப்பது பேர். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் இருந்தனர். காலன்பாக்கின் திட்டப்படி, ஆண்களுக்கொரு கொட்டகையும் பெண்களுக்கொரு கொட்டகையும் தகரத்தால் எழுந்தன. கணவனும் மனைவியும்கூடத் தனித்தனியே உறங்க வேண்டுமென்பது விதி. சமையல் ஒன்றே, அதில் புலால் இல்லை. புலால் உண்ணும் பழக்கமுள்ள கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பத்தார் கேட்டிருந்தால் கொடுக்கவே அடிகள் ஒருப்பட்டிருந்தார், அவர்கள்தாம் கேட்கவில்லை.

காலை ஆறு மணிக்கு ரொட்டியும் காப்பியும். காப்பி என்றவுடன் நம் இல்லத்தரசிகள் முகம் மலர வேண்டாம். அது கோதுமையை வறுத்துப் பொடித்துக் காய்ச்சிய நீர்! கும்பகோணத்துக் காப்பியை நினைத்து ஏங்கிய தமிழ்ப் பெண் எவளேனும் அங்கே இருந்திருப்பாள் என்றே நான் எண்ணுகிறேன். ரொட்டிக்கு வேண்டிய கோதுமையைக் கையாலேயே அரைத்தனர். பதினொரு மணிக்குச் சோறும் பருப்பும் காய்கறியும். மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கூழும் பாலும், அல்லது மீண்டும் ரொட்டியும் அந்தக் காப்பியும். ஏழு மணிக்கு மேல் பிரார்த்தனை. இராமாயணமோ இஸ்லாமிய நூலோ சிறிது படிப்பார்கள். ஒன்பது மணிக்கு எல்லோரும் படுத்துவிட வேண்டும். படுக்கை திறந்த தாழ்வாரத்திலே, ஆளுக்கு இரண்டு கம்பளியும் ஒரு மரத் தலையணையும். 1912-இல் விருந்தினராக வந்த கோகலேக்காக ஒரு கட்டிலை இரவல் வாங்கி வைத்தார்கள். மற்றவர் தரையில் உறங்குவதை அறிந்ததும் அவர் அதனை எடுக்கச் சொல்லிவிட்டுத் தரையிலேயே படுத்தார்.

ஊற்று 500 கெஜத்துக்கு அப்பால் இருந்தமையால் தண்ணீரைக் காவடி கட்டிச் சுமந்தனர். சொந்த வேலையாக நகரம் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும். பொது வேலைக்கு மட்டும் ரயிலில் மூன்றாம் வகுப்பு. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கே புறப்பட்டு, 21 மைல் நடந்து, அன்றே திரும்பியவர் பலர். மேரியன்ஹில்லில் இருந்த கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்குச் சென்று காலன்பாக் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் அடிகளும், அடிகளிடம் மற்றவரும் கற்றனர். ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் ஏவலாகாது என்பது அடிகளின் சட்டம். குழி தோண்டினாலும் மரம் வெட்டினாலும் உடன் ஒருவர் நிற்பார்.

காலையெல்லாம் இவ்வாறு உழைத்த குழந்தைகள் நண்பகல் உணவுக்குப் பின் பாடம் படிக்க உட்கார்ந்தால் தூங்கி விழாமல் என் செய்வார்கள்? கண்ணில் தண்ணீர் தெளித்து எழுப்புவார்களாம். தமிழும் உருதும் கற்பிப்பது அடிகளின் பங்கு. அவர் அறிந்த தமிழ், கப்பற் பயணங்களிலும் சிறையிலும் போப்பையரின் கைந்நூலைக் கொண்டு தாமே கற்றது. அந்நூலுக்கு அப்பால் அவர் செல்லவில்லை. மாணவர்களோ தென்னாப்பிரிக்காவிலே பிறந்தவர்கள். பேசத் தெரியும், எழுத்து ஒன்றும் தெரியாது. ஆகவே எழுத்தும் எளிய இலக்கணமும் ஆசிரியர் தந்தார். பேச்சில் அவரைத் தோற்கடிக்க எந்த மாணவனாலும் முடியும். ஆங்கிலம் அறியாத தமிழர் யாரேனும் அடிகளைக் காண வந்தால், அந்தக் குழந்தைகளே துபாஷிகளாக நின்றார்கள். தம் அறியாமையை மறைக்க முயலாததால்தான் மாணவரின் அன்பை இழக்கவில்லை என்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம் வகுப்பில் ஐயம் கேட்ட பிள்ளையை அதட்டி உட்கார வைத்த நாட்களை எண்ணி நான் சற்று நாணினேன்.

முஸ்லிம் சிறுவர் ரம்சான் நோன்பு நோற்றபோது, மற்றப் பிள்ளைகளும் மனமொப்பிப் பகலுணவை விட்டார்கள். தாங்கள் அந்திக்கு முன்பே உண்டு முடித்து, நோன்பு திறப்போருக்குப் பரிமாறினார்கள். படிக்க இனிதாகவே இருக்கிறது. எனினும் எல்லாம் அங்கு இனிதாக இருந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒன்றாகவே பழக அடிகள் இடமளித்திருந்தார். ஒருநாள் இளைஞன் ஒருவன் இரு பெண்களைக் கேலி செய்தான். அடிகள் இளைஞரைக் கண்டித்தார், மனம் அமையவில்லை. இரவெல்லாம் உறங்காமல் சிந்தித்து, அப்பெண்களின் நீண்ட கூந்தலை வெட்டிவிடுவதென்று காலையில் முடிவு செய்தார். எவனும் அவர்களைத் தீய கண்ணால் நோக்காதிருக்க அஃதோர் அடையாளமாகுமாம். பெண்கள் முதலில் மறுத்தார்கள். மூத்த மாதரும் மனம் பொறாது தவித்தார்கள். கடைசியில் இணங்கினார்கள். கத்தரிக்கோலை எடுத்தது தம் கையே என்பதை எரவாடாச் சிறையில் தொடங்கிய போராட்ட வரலாற்று நூலில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். மறைக்காமை பெரிது. ஆயினும் குற்றம் ஒருவனுடையதாகவும் கூந்தல் வேறிருவருடையதாகவும் இருந்ததே! பெண்ணைப் பெற்ற நமக்கு இவ்விடத்தைக் கடந்து செல்வது எளிதன்று. பிறர் வகுத்த உயர்ந்த வாழ்க்கையில் அதன் விலையைக் கொடுத்தவர் பெரும்பாலும் கேட்கப்படாதவர்களே என்றும் எனக்குத் தோன்றுகிறது.

1913 தொடக்கத்தில் அடிகள் பீனிக்சுக்குத் திரும்பினார். பண்ணை வாழ்வும் முடிந்தது. அவ்வாண்டிலேயே, கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்னும் பொருள்பட ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. முன்பு அப்பண்ணையில் வாழ்ந்த பெண்களையே அடிகள் முதலில் அழைத்தார். இம்முறை, சிறையில் நேரும் துன்பங்களை முன்னமே விரித்துச் சொல்லி அவர்கள் விருப்பத்தைக் கேட்டார். பதினொருவர் புறப்பட்டனர், ஒருவர் தவிர மற்றெல்லோரும் தமிழர். அறுவர் இடுப்பில் கைக்குழந்தை. எல்லை கடந்து நேட்டாலுக்குள் புகுந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றார்கள். அங்கே தொழிலாளருள் தென்னாட்டவர் பலர். அவர்களுடைய குடியிருப்புக்குள் சென்று, தலைக்கு 3 பவுன் வரியின் கொடுமையை அப்பெண்கள் எடுத்துரைத்தார்கள். சுரங்கத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். பெண்களுக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது.