ஒரே முதலாளி, இரண்டு ஆறுகள்

வைகையில் தண்ணீர் வந்தால் மதுரைக்காரர்கள் பாலத்தில் கூடி வேடிக்கை பார்ப்பார்கள். விக்கிரமசிங்கபுரத்துக்காரர்களுக்கு அது வியப்பாக இருக்கும். அவர்கள் ஊரில் தாமிரபரணி வற்றாமல் ஓடுகிறது. பாபநாசம் படித்துறையில் பொரியைத் தூவினால் மீன்கள் காலை உரசிக்கொண்டு மொய்க்கும். மலையிலிருந்து விழுந்துவரும் இந்தத் தண்ணீரைக் கொண்டு எந்திரம் ஓட்டலாம் என்றுதான் ஹார்வி சகோதரர்கள் 1885இல் அங்கே பஞ்சாலை போட்டார்கள். அவர்களுடைய மதுரை மில்லுக்கு வைகையை நம்ப முடியாது. அதற்கு ரயில்தான் ஆறு.

முதலாளி ஒருவர்தான். போராட்டங்கள் மட்டும் ஏன் வேறுவேறாக அமைந்தன? தொழிலாளிக்குப் பின்னால் ஊர் இருந்ததா என்பதைப் பொறுத்தது அது என்று எனக்குத் தோன்றுகிறது. மதுரையில் மில் கேட்டைத் தாண்டினால் டீக்கடை, வக்கீல், பத்திரிகை, கட்சி எல்லாம் எட்டும் தூரத்தில். 1918இல் ஜார்ஜ் ஜோசப் என்ற வக்கீல் மதுரைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். கூலி ஏறியது, வேலைநேரம் குறைந்தது. பிறகு முதலாளிகளும் சர்க்காரும் கைகோத்துச் சங்கத்தை முடக்கினார்கள் என்பது வேறு கதை.   தூத்துக்குடியிலும் தொழிலாளிக்குப் பின்னால் ஊர் இருந்தது: 1908இல் ஹார்வியின் கோரல் மில் வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் வென்றது வ.உ.சி.யாலும் சுப்பிரமணிய சிவாவாலும் மட்டுமல்ல, ஊரே கூட நின்றதாலும்தான்.

விக்கிரமசிங்கபுரத்தில், மலையடியில், மில்தான் ஊர். வேலை கொடுப்பவரை எதிர்த்துவிட்டு எங்கே போய் நிற்பது?

அந்த மலைக்கு மேலே, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில், இந்தச் சிக்கல் இன்னும் கொடியது. அங்கே முதலாளி வேறொரு கம்பெனி. 1929இல் தொடங்கிய குத்தகைத் தோட்டம் அது. குரல் கேட்க வேண்டுமானால் மலையிறங்கி வர வேண்டும். அப்படித்தான் 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் கேட்டு, தோட்டத் தொழிலாளர்கள் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். தடியடி விழுந்தது, கூட்டம் ஆற்றுக்குள் ஓடியது, பதினேழு பேர் செத்தார்கள். அதே தாமிரபரணிதான்.

2024இல் கம்பெனி தோட்டத்தை விட்டுக் கிளம்பியபோது, வீட்டைக் காலி செய்யச் சொன்னதை எதிர்த்து அந்த மக்கள் வழக்குப் போட்டது மதுரையில்தான், ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில்.