பதினொரு கவிதைகளும் பத்தொன்பது இசைஞரும்

கவிஞர்கள் நிறைந்த ஒரு மன்றத்தின் பத்தாம் ஆண்டு மலரில் மாஸ்கோ நகரத்து இசைக்குழுவுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். அக்குழு 1969-ஆம் ஆண்டு அரங்கேற்றிய சிம்பொனி ஒன்று முழுவதும் கவிதைகளால் ஆனது. கவிஞர் நால்வர், கவிதைகள் 11, அத்தனையும் சாவைப் பாடுபவை. கலை என்பது மக்களுக்கு ஊக்கத்தை மட்டுமே ஊட்ட வேண்டும் என்று ஆட்சியாளர் விரும்பிய நாட்டில் அவை அவையேறிய வரலாறு கவிஞர்கள் அறியத்தக்கது.

சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என மேலைநாட்டார் வழங்கும் சிறிய இசைக்குழு, நூறு பேர் அமரும் பெருங்குழுவினின்றும் வேறானது. இங்கே ஒருவர் தவறினால் மற்றவர் ஒலியில் அது மறையாது. மாஸ்கோ சேம்பர் ஆர்க்கெஸ்ட்ராவை 1955-இல் நிறுவியவர் ருடால்ஃப் பர்ஷாய். அவர் வியோலாக் கலைஞர். வியோலா, வயலினுக்கும் செல்லோவுக்கும் இடைப்பட்ட குரலுடைய கருவி. மெட்டை ஏந்தும் பெருமை அதற்கு அரிதாகவே வாய்க்கும். இரு புறமும் கேட்டுக்கொண்டே வாசிக்கும் அப்பழக்கமே பர்ஷாயைக் குழுத்தலைவராக்கியது என்பது என் கருத்து. பின்னாளில் பொரொதின் எனப் பெயர்பெற்ற நால்வர் குழுவில் அவர் தொடக்கக் காலத்தில் வாசித்தவர். அவருக்கு ஆசிரியராக வாய்த்த லெவ் ஸெய்த்லின், நடத்துநரே இல்லாமல் இயங்கிய பெர்சிம்ஃபான்ஸ் என்னும் புதுமையான இசைக்குழுவை 1922-இல் மாஸ்கோவில் தோற்றுவித்தவர். ஒருவரையொருவர் செவிமடுத்தல் என்ற பாடம் இவ்வாறு குருவழியாகவும் வந்து சேர்ந்தது. பாஹ், விவால்டி, மொஸார்ட் ஆகியோர் படைப்புகளைப் பர்ஷாயின் குழு தூய்மையாக வாசித்தது. டேவிட் ஓய்ஸ்த்ராஹ், ஸ்வியாத்தொஸ்லாவ் ரிஹ்தர், யெஹூதி மெனுஹின் போன்ற பெருங்கலைஞர்கள் அதனோடு இணைந்து வாசித்தனர். ஷோஸ்தகோவிச்சின் எட்டாம் நால்வர் இசையை அவருடைய இசைவோடு நரம்பிசைக் குழுவுக்கு ஏற்ப விரித்தமைத்தவரும் பர்ஷாயே.

1969-இன் தொடக்கத்தில் ஷோஸ்தகோவிச் மருத்துவமனையில் இருந்தார். நோயுற்ற உடல்; சாவின் நினைவு. முசோர்க்ஸ்கியின் சாவுப் பாடல்களுக்கு 1962-இல் அவர் குழுவிசை அமைத்திருந்தார். அப்பணி உள்ளத்தில் விதைத்தது இப்போது முளைத்தது. பெருங்குழுவை விலக்கி 10 வயலின், 4 வியோலா, 3 செல்லோ, 2 டபுள் பாஸ் எனப் 19 நரம்பிசைக் கருவிகளையும், சில தாளக் கருவிகளையும், சொப்ரானோ என்னும் பெண் உயர்குரல் ஒன்றையும், ஆண் தாழ்குரல் ஒன்றையும் மட்டுமே வைத்துக்கொண்டார். இசை மெலிந்தமையால் சொல் துலங்கியது. கவிஞர்கள் கருத வேண்டிய இடம் இது.

லோர்காவின் கவிதைகள் இரண்டு, அப்போலினேரின் ஆறு, ரில்க்கேயின் இரண்டு. ருஷ்யக் கவிஞர் ஒருவரே, அவர் கியூகெல்பெக்கர். லோர்கா 1936-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். மோனாலிசா ஓவியம் களவுபோனபோது ஐயத்தின்பேரில் 1911-இல் பாரிசின் சாந்த்தே சிறையில் சில நாள் அடைபட்டவர் அப்போலினேர். அச்சிறைக் கவிதையும் இத்தொகுதியில் உண்டு. கியூகெல்பெக்கரோ புஷ்கினின் பள்ளித்தோழர். 1825 டிசம்பர்க் கிளர்ச்சியில் கலந்து, சிறைப்பட்டு, சைபீரியாவில் 1846-இல் மறைந்தார். கயவரிடையே கவிஞனுக்குக் கிடைக்கும் பரிசு யாது என்று நண்பன் தெல்விக்கை விளித்துப் பாடுகிறார். நம் கையறுநிலைத் துறைக்கு அண்மையில் நிற்கும் பாட்டு அது. மற்றப் பகுதிகளில் ஸைலஃபோனும் சாட்டையொலியும் எலும்புபோல் அதிர, இங்கே மட்டும் தாழ்ந்த நரம்புகள் பரிவோடு பாட்டைத் தாங்குகின்றன. சிம்பொனி முழுவதிலும் எனக்கு இதுவே உயிர்ப்பகுதி.

அரங்கேற்றத்திற்கு முன் 1969 ஜூன் 21 அன்று மாஸ்கோ இசைக்கல்லூரியின் சிற்றரங்கில் அழைக்கப்பட்டோருக்கு மட்டும் முன்னோட்டம் நிகழ்ந்தது. மேடையில் பேசுவதை விரும்பாத ஷோஸ்தகோவிச் அன்று பேசினார். சாவுக்கு அப்பால் ஒளியும் அமைதியும் உண்டெனப் பழைய இசைமேதைகள் அளித்த ஆறுதல் தமக்கு உடன்பாடன்று என்பது அவர் பேச்சின் சாரம். இசை நடக்கையில் ஒருவர் எழுந்து வெளியேறினார். அவர் பாவெல் அப்போஸ்தலோவ். கட்சிச் சார்பில் ஷோஸ்தகோவிச்சைத் தாக்கிவந்த இசை அலுவலர். எதிர்ப்பைக் காட்டவே வெளியேறினார் என்று அவையோர் எண்ணினர். உண்மையில் அவருக்கு மாரடைப்பு. அங்கேயே உயிர் நீத்தார் என்ற கதை இன்றும் உலவுகிறது. அது சரியன்று, ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்தே அவர் இறந்தார். ஆயினும் சாவைப் பாடிய இசையைச் சாவே வந்து கேட்டது என்று மாஸ்கோவில் பேச்சு எழுந்ததில் வியப்பில்லை.

செப்டம்பர் 29 அன்று லெனின்கிராடில் அரங்கேற்றம். பர்ஷாய் நடத்த, கலினா விஷ்னெவ்ஸ்காயாவும் யெவ்கேனி விளாதிமீரவும் பாடினர். சிம்பொனி ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுக்குப் படைக்கப்பட்டிருந்தது. அவர் 1970 ஜூனில் ஆல்ட்பரோ விழாவில் அதைத் தாமே நடத்தினார்.

கியூகெல்பெக்கரின் வினாவுக்கு நாடு அளித்த விடை பின்னர்த் தெரிந்தது. விஷ்னெவ்ஸ்காயா 1974-இல் தம் கணவர் ரொஸ்த்ரபோவிச்சுடன் வெளியேறினார். 1978-இல் இருவர் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. பர்ஷாய் 1977-இல் தாம் வளர்த்த குழுவை விட்டு இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார். குழு ஈகர் பெஸ்ரோத்னியின் தலைமையில் தொடர்ந்தது. சோவியத் ஆட்சி மறைந்த பின்னரே, 1993-இல், பர்ஷாய் மீண்டும் மாஸ்கோ மேடை ஏறினார். 2010-இல் சுவிட்சர்லாந்தில் மறைந்தார். 1969 அக்டோபர் 6 அன்று மாஸ்கோவில் விஷ்னெவ்ஸ்காயாவும் மார்க் ரெஷேத்தினும் பாட அக்குழு வாசித்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு பின்னாளில் வெளிவந்தது. அதன் இறுதியில் ரில்க்கேயின் கவிதை முடிந்ததும் நரம்புகள் ஒரே ஒலிக்கோவையை மேன்மேலும் விரைந்து மீட்டிச் சட்டென்று அறுபடுகின்றன.