மெழுகுவத்தியில் தொடங்கிய கணக்கு

அண்ணனின் சதாபிஷேகத்தில் எடுத்த வீடியோவை, அவருடைய தலைத்திவசத்துக்காக நானே கணினியில் வெட்டி ஒட்டித் தயார் செய்தேன். மானிட்டரில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கூடத்தில் டிவியில் போட்டபோது ஒரே இருட்டு. "தம்பி, அவர் முகமே தெரியலையே" என்றார் அண்ணி. எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் பக்கத்துத் தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் பையனை அழைத்தேன். திரை முழுக்க வெள்ளையைக் காட்டி, அதன்மேல் சிறு கருவி ஒன்றைத் தொங்கவிட்டு, "280 நிட் இருக்கு சார். வீடியோ வேலைக்கு 100 போதும்" என்றான். மானிட்டர் அதிக வெளிச்சமாக இருந்ததால் படம் வெளிறியதாக நினைத்து, நான்தான் அதை இருட்டாக்கியிருக்கிறேன்!

நிட் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து வரும் ஒரு கேண்டெலா ஒளி. கேண்டெலா என்றால் லத்தீனில் மெழுகுவத்தி. பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் 'பூழி' என்று படித்த அதே மெழுகுவத்திதான். மெழுகு கப்பலேறி வந்த அல்ஜீரியத் துறைமுகத்தின் பெயரே அந்தச் சொல்லாயிற்று.

தெருவிளக்குக்கு எரிவாயு விற்ற காலத்தில், கொடுத்த காசுக்கு வெளிச்சம் வருகிறதா என்று தகராறு. கண்ணை நம்ப முடியாது. அது எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும். எனவே இங்கிலாந்தில் மணிக்கு 120 கிரெயின் எரியும் திமிங்கில மெழுகுவத்தியை அளவாக வைத்தார்கள். பாரீசில் மணிக்கு 42 கிராம் எண்ணெய் எரிக்கும் கார்செல் விளக்கு. திரி கொஞ்சம் நீண்டாலும் அளவு மாறும்; நாட்டுக்கு நாடு கணக்கும் வேறு.

1881-இல் வியோல் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு வழி சொன்னார். உருகும் நிலையில் உள்ள பிளாட்டினம் எங்கும் ஒரே அளவில்தான் ஒளிரும். அதையே அளவாகக் கொள்ளலாம் என்றார். சுமார் 1770 டிகிரி வெப்பம்! அதில் ஒரு சதுர சென்டிமீட்டர் தரும் ஒளியில் இருபதில் ஒரு பங்கை 1889-இல் 'பூழி தெசிமால்' என்றார்கள். 1948-இல் கேண்டெலா என்ற பெயர் உலகப் பொதுவாயிற்று. 1979-இல் பிளாட்டினத்தையும் விட்டு, குறிப்பிட்ட ஒரு பச்சை ஒளியின் ஆற்றலை வைத்து வரையறுத்தார்கள்.

வெள்ளைக்கு அளவு கிடைத்தால் போதாது, கறுப்புக்கும் வேண்டும். பிபிசி பொறியாளர்கள் அதற்கு ஒரு சோதனைப் படம் செய்தார்கள். கறுப்புப் பின்னணியில் அதைவிடச் சற்றுக் கருமையான பட்டை ஒன்று, சற்று வெளிறிய பட்டை ஒன்று. முதலாவது மறைந்து, இரண்டாவது மட்டும் அரைகுறையாகத் தெரியும்படி பழைய பெட்டி டிவியில் 'பிரைட்னஸ்' குமிழைத் திருப்ப வேண்டும். அந்தக் குமிழ் கறுப்பின் அளவை மாற்றுவது, வெள்ளைக்குக் 'கான்ட்ராஸ்ட்'. இன்றைய எல்சிடி மானிட்டரில் பிரைட்னஸ் என்பது பெரும்பாலும் பின்விளக்கைத்தான் கூட்டிக் குறைக்கும். பழைய பழக்கத்தில் நான் ஏமாந்ததற்கு இதுவும் காரணம்.

100 நிட்டுக்குக் குறைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அறை விளக்கையும் மங்கலாக வைத்தேன். முதல் அரைமணி மானிட்டர் மங்கலாகவே பட்டது. பிறகு கண் பழகிவிட்டது. நான்கு நாளில் படத்தை மறுபடி சரிசெய்தேன்.

இந்தத் தடவை டிவியில் போட்டபோது அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "இன்னொரு தரம் போடு தம்பி" என்றார்.