பெர்லினில் ஒரு மேசை

1872-ல் இத்தாலியின் அபியாதெகிராஸோ என்ற சிற்றூருக்கு ஓர் இளம் மருத்துவர் வேலைக்குப் போனார். தீராத நோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் ஆஸ்பத்திரி. ஆராய்ச்சிக்கு அங்கே வசதியே இல்லை. கமிலோ கோல்ஜி அசரவில்லை. சமையலறை ஒன்றையே ஆய்வுக்கூடமாக்கி, நுண்ணோக்கியும் மூளைத் துண்டுகளுமாக உட்கார்ந்தார்.

மூளைக்குள் செல்கள் பின்னிப் பிணைந்து கிடக்கும். சாயம் ஏற்றினால் எல்லாம் சேர்ந்து நிறமேறி, எந்த இழை எந்தச் செல்லுடையது என்றே பிரிக்க முடியாது. கோல்ஜி துண்டுகளைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து இறுக்கி, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் போட்டார். மஞ்சள் பின்னணியில் நூற்றுக்குச் சில செல்கள் மட்டும் கிளை நுனிவரை கன்னங்கரேலென்று எழுந்து நின்றன! ஏன் அந்தச் சில மட்டும் என்பது இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. எல்லாமே கறுத்திருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது; அந்தப் பாரபட்சம்தான் அதிர்ஷ்டம். 1873-ல் கட்டுரை வெளியானது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

கிடைத்த காட்சியை கோல்ஜியே வேறுவிதமாகப் புரிந்துகொண்டார். இழைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, மூளை முழுவதும் ஒரே வலையாக இருக்கிறது என்றார். அன்றைய பெரிய தலைகள் பலரின் கருத்தும் அதுவே. 1887-ல் மாட்ரிட் நகரில் லூயிஸ் சிமாரோ என்ற மனநல மருத்துவர் தன்னிடமிருந்த கறுப்பு ஸ்லைடுகளை ஒருவருக்குக் காட்டும்வரை அந்த வலை பத்திரமாக இருந்தது.

பார்த்தவர் சான்டியாகோ ரமோன் இ கஹால். ஓவியனாக ஆசைப்பட்டு, அப்பாவின் பிடிவாதத்தால் மருத்துவம் படித்தவர். அந்த ஸ்லைடுகள் அவரை விடவில்லை. பார்சிலோனாவில் பேராசிரியரானதும் வெள்ளிச் சாயத்தை இரண்டு முறை ஏற்றிப் பார்த்தார். முற்றிய மூளையை விட்டு, இழைகள் மீது கொழுப்புறை படியாத கருக்களையும் குஞ்சுகளையும் எடுத்தார். பறவையின் சிறுமூளையில் கூடை போன்ற நுனிகள் பெரிய செல்களை அணைத்தபடி நின்றன. அணைப்போடு சரி, ஒட்டவில்லை. ஒவ்வொரு செல்லும் தனி ஆள்! வலை என்ற கொள்கையே ஆட்டம் கண்டது. ஆனால் அதை யாரிடம் சொல்வது?

1888 மே மாதம் கஹால் கைக்காசைப் போட்டுச் சொந்தமாக ஓர் இதழ் தொடங்கினார். அச்சிட்டது 60 பிரதிகள். பெரும்பகுதியை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஸ்பானிய மொழியை அவர்களில் எத்தனை பேர் படிப்பார்கள்? பதில் வரக் காணோம். காகிதத்தை நம்பிப் பயனில்லை என்று முடிவுகட்டியவர், சேமிப்பைத் திரட்டிக்கொண்டு ரயிலேறினார்.

1889 அக்டோபர், பெர்லின். ஜெர்மன் உடற்கூறியல் சங்கத்தின் மாநாடு. கஹால் மேசையில் நுண்ணோக்கிகளை வைத்து, சிறந்த ஸ்லைடுகளைப் பொருத்தி, தடுமாறும் பிரெஞ்சில் அழைத்தார். வந்தவர்கள் சந்தேகத்தோடுதான் குனிந்தார்கள். அவர்களில் ஒருவர் 72 வயது ஆல்பர்ட் ஃபான் கோலிக்கர். திசுவியலில் அவர் சொல்லுக்கு ஐரோப்பா முழுவதும் மதிப்பு. அவர் கண்ணை எடுத்தபோது கஹாலின் தலையெழுத்து மாறியிருந்தது.

தன் வண்டியிலேயே கஹாலை ஏற்றிக்கொண்டு போனார் கோலிக்கர். மற்ற அறிஞர்களுக்கு அறிமுகப்படுத்தினார். கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காகவே அந்த வயதில் ஸ்பானிய மொழி கற்றார். இந்தக் கதையில் என்னை நெகிழவைப்பது அதுதான். செய்தி பரவியது. அந்தத் தனித்த செல்லுக்கு இன்னும் பெயர்தான் இல்லை.

1891-ல் பெர்லின் பேராசிரியர் வில்ஹெல்ம் வால்டையர், பலரின் முடிவுகளைத் தொகுத்து எழுதியபோது அதற்கு ஒரு பெயர் வைத்தார்: நியூரான்.

1906-ல் கோல்ஜியும் கஹாலும் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். ஸ்டாக்ஹோம் மேடையில் கோல்ஜி நியூரான் கொள்கையையே எதிர்த்துப் பேசினார். மறுநாள் கஹால் அதை நிலைநாட்டிப் பேசினார். நியூரான்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை எலெக்ட்ரான் நுண்ணோக்கி 1950-களில் காட்டியபோது இருவருமே உயிரோடு இல்லை.

மூளைச் சுற்றுகளைப் பற்றிய இன்றைய மாநாடுகளில் நியூரான் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை வகை, எது எதோடு பேசுகிறது என்பதே வாதம். மனித மூளையில் 3,000-க்கும் மேற்பட்ட செல் வகைகளை 2023-ல் பட்டியலிட்டார்கள். 2024-ல் பழ ஈ ஒன்றின் மூளையில் 1,39,255 நியூரான்களையும் அவற்றின் இணைப்புகளையும் வரைந்து முடித்தார்கள். மனித மூளைக்கு அப்படியொரு முழு வரைபடம் இன்னும் இல்லை.