மீண்டும் திறந்த தேவாலயங்கள்

கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச் இறுதியில் தமிழகத் தேவாலயங்கள் அடைபட்டன. புனித வெள்ளியும் ஈஸ்டரும் நேரலையில் கழிந்தன. ஜூன் 8 முதல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்க மத்திய அரசு இசைந்தாலும், தமிழகத்தில் ஜூலையில் கிராமத்துச் சிறு தலங்களே திறந்தன. பெரிய தலங்கள் செப்டம்பர் 1 வரை காத்திருந்தன. ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணித் தேவாலயத் திருவிழாவின் கொடியேற்றம் பக்தர் கூட்டமின்றி நடந்தது.

திறக்குமுன் ஆயத்தங்கள் பல. ஆறடி இடைவெளி, முகக்கவசம், வாசலில் வெப்பப் பரிசோதனை. 65 வயது கடந்தோரும் 10 வயதுக்குட்பட்டோரும் வீட்டிலிருக்க அறிவுறுத்தப்பட்டனர். தீர்த்தம் தெளிக்கவும் சுரூபங்களைத் தொடவும் அனுமதியிருக்கவில்லை. பாடகர் குழுவுக்கும் தடை இருந்தது; பதிவுசெய்த பாடல்களை ஒலிக்கவிட அனுமதியிருந்தது. உரக்கப் பாடும்போது எச்சில் துகள்கள் அதிகம் பரவும் என்பதால் விதி நியாயமானதுதான். ஆனால், கூடிப் பாடுவதையே ஆராதனையின் உயிராகக் கொண்ட சபைகளுக்கு மற்ற எல்லாக் கட்டுப்பாடுகளையும்விட அதுவே கடினமாக இருந்தது.